கோத்தகிரியிலிருந்து லண்டனுக்கு: புள்ளிகளில் கிடைத்த பிசினஸ் கிளாஸ் படுக்கை

கிரெடிட் கார்டுப் புள்ளிகளைச் சேர்த்து வைத்து வெளிநாட்டுக்கு பிசினஸ் கிளாஸில் பறப்பது எப்படி என்று தமிழிலும் இப்போது நிறையக் காணொளிகள் வருகின்றன. கண்ணாடிக் கோப்பையும், கதவு வைத்த இருக்கையும், பல லட்ச ரூபாய் டிக்கெட்டைச் சும்மா வாங்கிவிட்டேன் என்ற அறிவிப்பும்தான் அவற்றில் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. பல லட்சம் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கும் எண்ணமே இல்லாதவர், அந்தப் பல லட்சத்தை மிச்சப்படுத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. நாம் எப்படியும் கொடுத்திருக்கக்கூடிய எகானமிக் கட்டணம்தான் உண்மையான மிச்சம். அதற்கு மேல் கிடைப்பது, காலை நீட்டிப் படுக்கும் வசதி ஒன்றுதான். அது எவ்வளவு பெறும் என்பது படுக்கப் போகிறவரின் உடம்பைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் அந்த உடம்பு என் அத்தையுடையது, அதாவது என் மாமியாருடையது. பிரிட்டனில் இருக்கும் நாத்தனாருக்குக் குழந்தை பிறக்கவிருந்ததால், அத்தை போயே தீர வேண்டும். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால், பத்து மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார அவரால் முடியாது. ஆங்கிலம் தெரியாததால் தனியாக அனுப்பவும் முடியாது. கோத்தகிரியில் தங்கும் விடுதி நடத்தும் எங்களுக்கு ரொக்கம் கொடுத்து இரண்டு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமும் இல்லை. அதனால்தான் புள்ளிகளைப் பற்றி நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

புள்ளிகளைச் சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விடுதிக்கு வாங்கும் மளிகை, மெத்தை விரிப்பு, வெந்நீர்க் கருவி, பழுதுபார்க்கும் சாமான் எல்லாமே எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகள். அவற்றைக் கார்டில் செய்தோம். மலையில் பல கடைகளில் கார்டு இயந்திரம் இருக்காது. ஆனால் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயுடன் இணைத்துக்கொள்ளும் வசதி 2022இல் வந்த பிறகு, கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையிலேயே பல இடங்களில் கார்டுச் செலவைச் செய்ய முடிகிறது. பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல் போன்றவற்றுக்குப் பெரும்பாலான வங்கிகள் இப்போது புள்ளி தருவதில்லை என்பதையும், கார்டுக்கு இரண்டு விழுக்காடு கூடுதலாகக் கேட்கும் கடையில் புள்ளிக்காகக் கார்டை நீட்டுவது நட்டக் கணக்கு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முழு நிலுவையையும் மாதாமாதம் கட்டிவிட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. மாதத்துக்கு மூன்றரை விழுக்காட்டை ஒட்டிய வட்டியை எந்தப் புள்ளியாலும் ஈடுகட்ட முடியாது.

விஷயத்தின் கனமெல்லாம் புள்ளிகளைச் செலவழிப்பதில்தான் இருக்கிறது. வங்கிப் புள்ளி வேறு, விமான நிறுவனப் புள்ளி வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றலாம். மாற்றிய பின் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர வழியில்லை. அந்த மாற்றம் சில நிறுவனங்களுக்கு உடனே நடக்கும், சிலவற்றுக்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே எந்த விமானத்தில் எந்தத் தேதியில் இடம் காலியாக இருக்கிறது என்பதைத் திரையில் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகே வங்கிப் புள்ளியில் கைவைக்க வேண்டும். வங்கியில் இருக்கும்வரை அந்தப் புள்ளிக்குப் பல வழிகள் திறந்திருக்கும். விமான நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்டால் அந்த நிறுவனம் வைத்ததே சட்டம். பயணிகளுக்குப் புள்ளி தரும் திட்டத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ முறை இந்தச் சட்டங்கள் மாறிவிட்டன. டெல்டா 2015இலும் யுனைடெட் 2019இலும் இந்த ஊருக்கு இத்தனை மைல் (விமான நிறுவனப் புள்ளிக்கு இன்னொரு பெயர்) என்ற நிலையான பட்டியலையே எடுத்துவிட்டன. இடத்தின் தேவைக்கேற்ப விலை அன்றன்றைக்கு ஏறி இறங்குகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்றாண்டுகள். எனவே புள்ளிகளைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பெருமைப்படுவது வீண் வேலை.

இனி, எல்லோரும் இடறும் இடத்துக்கு வருகிறேன். புள்ளி நிறைய இருந்தும் டிக்கெட் கிடைப்பதில்லை என்று குறைப்படுபவர்களிடம் தேதியைக் கேட்டால், மே மாதம் அல்லது டிசம்பர் கடைசி வாரம் என்பார்கள். பணம் கொடுத்து வாங்க ஆள் வரிசையில் நிற்கும் நாட்களில், புள்ளிக்கென்று இடத்தை ஒதுக்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. நாம் நாளைக் குறித்துவிட்டு இடத்தைத் தேடாமல், இடம் இருக்கும் நாளைக் கண்டுபிடித்து அதற்கேற்ப நம் வேலைகளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் மலையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குக் கீழ்நாட்டு மக்களைவிட ஒரு வசதி உண்டு. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் நடக்கும் கோடை சீசனில் விடுதியை விட்டு ஓரடி நகர முடியாது; அப்போது புள்ளி இருக்கைகளும் கிடைக்காது. உறைபனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பின் அறைகள் காலியாகக் கிடக்கும். விமானங்களிலும் அந்த வாரங்களில்தான் இடம் மிஞ்சுகிறது. சில நிறுவனங்கள் அந்த நாட்களுக்குக் குறைந்த புள்ளியே கேட்கின்றன. நமக்கு வருமானம் மந்தமான காலமே இங்கே நல்ல காலம்.

லண்டனைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து நேரடியாகப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், நீண்ட தூர விமானங்களில் பிசினஸ் கிளாஸில் குறைந்தது நான்கு இடங்களைப் புள்ளிக்கென்று ஒதுக்குவதாக அறிவித்திருக்கிறது. புறப்பாட்டுக்கு 355 நாட்கள் முன்பே அவை திறக்கின்றன. கிட்டத்தட்ட ஓராண்டு முன்னதாகவே குழந்தை பிறக்கும் நாளைக் கணிக்க யாராலும் ஆகாது என்பதால், குடும்பத்துக்கு அது நேரடியாக உதவாது. ஆனால் இப்படி முன்பதிவு செய்தவர்களில் சிலர் பயணம் நெருங்கும்போது ரத்து செய்வார்கள். அந்த இடங்கள் மறுபடி பட்டியலில் வந்து விழும். நான் பிடித்தவை அப்படி வந்தவைதான். இரவில் சமையலறையைக் கழுவிவிட்ட பிறகு தொலைபேசியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பது வழக்கமாக இருந்தது. புள்ளி டிக்கெட்டைச் சிறிய கட்டணத்தோடு ரத்து செய்ய முடிகிற நிறுவனமாக இருந்தால், விசா வருவதற்கு முன்பே துணிந்து பதிவு செய்துவிடலாம்.

இலவச டிக்கெட் என்ற சொல்லுக்கு எதிரான வலுவான சான்று வரிகளில் இருக்கிறது. புள்ளி கொடுத்தாலும் விமான நிலையக் கட்டணமும், அரசு வரியும், சில நிறுவனங்களில் நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணமும் ரொக்கமாகப் போகும். பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிக்கு அந்நாட்டு அரசு விதிக்கும் விமானப் பயணி வரி, எகானமிக்கு ஒரு வீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். பிரீமியம் எகானமியில் அமர்ந்தாலும் அதே உயர்ந்த வீதம்தான். பிரிட்டனுக்குள் வந்து இறங்குகிறவருக்கு இந்த வரி கிடையாது. எனவே போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட வேண்டும்.

எடைபோட்டுப் பார்த்தபோது எனக்குத் தெளிவானது இதுதான். நாங்கள் சென்றபோது சென்னை விமானம் விடியுமுன் புறப்பட்டது. நள்ளிரவு கழிந்ததும் விமான நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால் அந்த இரவின் தூக்கம் முழுதாகப் பறிபோகும். படுக்கை அவசியமாவது அந்தப் பயணத்தில்தான். திரும்பும் விமானமோ லண்டனில் மதிய உணவு நேரத்துக்குக் கிளம்பிச் சென்னையில் அதிகாலையில் இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தால் இரவுப் பயணம் போலத் தோன்றும். ஆனால் சில மாதங்கள் அங்கே தங்கி அந்நாட்டு நேரத்துக்குப் பழகிய உடம்புக்கு, சென்னையில் இறங்கும்போது இரவு பத்து மணிதான் ஆகியிருக்கும், வழியெல்லாம் பகல். வரியும் அதிகம், தூக்கமும் வராது என்னும்போது அந்தத் திசையில் புள்ளியைக் கொட்டுவதற்கு நியாயம் தெரியவில்லை. போகும்போது பிசினஸ் கிளாஸ், வரும்போது எகானமியில் நடைபாதையோர இருக்கை என்று முடிவு செய்தேன். நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாறும் வழிகளில் கட்டணம் குறைவாக இருந்ததும் உண்டு. நான்கு மணி நேரம், பிறகு ஏழு மணி நேரம் என்று பயணத்தை உடைத்தால், ஏறியதும் சாப்பாடு, இறங்குமுன் சாப்பாடு என்று போய், படுக்கை இருந்தும் படுக்க நேரம் இருக்காது.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அத்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது; புள்ளித் திட்டத்தின் படிவமோ அதை நிரப்பாமல் நகர விடாது. தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதா, பெயரையே இருமுறை எழுதுவதா என்பதை நாமாக ஊகிக்காமல், நிறுவனத்தை அழைத்துக் கேட்டு, டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகும்படி செய்துகொண்டோம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருடைய சுற்றுலா விசாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததால், துபாய் வழியாகப் போய் அங்கே ஓரிரு நாள் தங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

மலையிலிருந்து கிளம்புவதே தனிப் பயணம். கோயம்புத்தூர்–சென்னை விமானம் வேறு டிக்கெட்டில் இருந்ததால், அது தாமதமாகி லண்டன் விமானம் தவறினால் கேட்பதற்கு ஆளில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு எப்போது சாலையை மறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் நீலகிரி பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதை மிகைப்படுத்தல் என்று நினைக்க மாட்டார்கள். பெங்களூரு வழியாகப் போகலாம் என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். எங்கள் பயணம் பனிக்காலத்தில் என்றாலும், ஒரு நாள் முன்னதாகவே இறங்கிச் சென்னையில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போது அத்தைக்கு வழக்கம்போலக் காது அடைத்தது. விமானத்தில் இன்னும் அதிகமாக அடைக்குமோ என்று பயந்தவரிடம் நான் படித்ததைச் சொன்னேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரம் ஊட்டியைவிடச் சற்று அதிகம், தொட்டபெட்டா உச்சியைவிடக் குறைவு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது ஏறத்தாழ 6,000 அடி, அதாவது நம் கோத்தகிரி. ஆறாயிரம் அடியில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் காற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. வித்தியாசம் ஈரப்பதத்தில்தான், விமானத்துக்குள் அது இருபது விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். மூடுபனியிலேயே இருந்து பழகிய தோலும் உதடும் சில மணி நேரத்தில் வறண்டுவிடுவதால், தேங்காய் எண்ணெயைச் சிறு டப்பாவில் கைப்பையில் வைத்திருந்தோம்.

அந்த விமானத்தின் பிசினஸ் கிளாஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் எதிரெதிர்த் திசையைப் பார்த்திருந்தன. அத்தையை நடைபாதைப் பக்கம் முன்னோக்கிய இருக்கையிலும், என்னைப் பின்னோக்கிய சன்னல் இருக்கையிலும் அமர்த்திக்கொண்டதால், நடுத்தடுப்பை இறக்கியதும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல ஆயிற்று. ஏறும் முன்பே பதிவு செய்திருந்த சைவ உணவில் அவர் பன்னையும் தயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தி இருக்கையைப் படுக்கையாக்கிக் காட்டியபோது, அவர்கள் கொடுத்த மெத்தைப் போர்வையைக் காலுக்கு அடியில் சுருட்டி வைத்து, முழங்காலைச் சற்று உயர்த்தி, தன் கம்பளிச் சால்வையையே போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். படுக்கை கிடைத்துவிட்டது என்பதற்காக அசையாமல் கிடக்கக்கூடாது. நான்கு மணி நேரத்தைத் தாண்டும் எந்தப் பயணத்திலும் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே இடையிடையே எழுப்பிக் கழிப்பறை வரை நடக்க வைத்தேன். லண்டனில் இறங்கியபோது சக்கர நாற்காலி காத்திருந்தது. எந்த வகுப்பு டிக்கெட்டானாலும், புள்ளி டிக்கெட்டானாலும், அதற்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பும் பயணத்தில் எகானமியில் அத்தை தூங்கவில்லை, தூங்கவேண்டிய நேரமும் அதுவல்ல. பேரக் குழந்தையின் படங்களைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

மீதமிருக்கும் புள்ளிகளில் சிங்கப்பூர் போய்வரலாம் என்கிறார் என் கணவர். கோயம்புத்தூரிலிருந்தே ஸ்கூட் நேராகப் பறக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பயணத்தை உட்கார்ந்தே போய்விடலாம். புள்ளிகளை அதற்குத் தொட நான் சம்மதிக்கவில்லை.