விலைபோனார் என்று எழுதிய நாள்

2016 ஜூன் மாதக் கடைசி. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நான் உதவி ஆசிரியர், இரவுப் பணி. செனகல் கால்பந்து வீரர் சாடியோ மானே இங்கிலாந்து அணியான சவுத்தாம்ப்டனிலிருந்து இன்னொரு இங்கிலாந்து அணியான லிவர்பூலுக்கு மாறுகிறார் என்று ஏஜென்சி செய்தி வந்தது. தொகை 3 கோடி பவுண்டுக்கு மேல். ஆப்பிரிக்க வீரர் ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ‘விலைபோனார் மானே’ என்று தலைப்பு வைத்தேன்.

பக்கப் பொறுப்பாளர் பிரின்ட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். “விலைபோறதுன்னா என்னன்னு தெரியுமா தம்பி? காசுக்கு மனச்சாட்சியை விக்கிறவனைச் சொல்ற வார்த்தை அது. இந்தப் பையன் வேலைக்குப் போறான்.” சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘லிவர்பூலில் இணைந்தார்’ என்று எழுதினார். எங்கள் ஊரிலிருந்து துபாய்க்குக் கிளம்புகிறவர்களைப் பற்றிப் பேசும் அதே குரலில் அவர் அதைச் சொன்னது என்னை உலுக்கியது.

அப்புறம்தான் அந்தப் பையன் எங்கிருந்து வந்தான் என்று தேடிப் படித்தேன். செனகலின் தெற்கே பம்பாலி என்ற கிராமம். அப்பா நோயில் விழுந்தபோது ஊரில் மருத்துவமனை இல்லை. அவர் இறந்தபோது மானேவுக்கு ஏழு வயது இருக்கும். பதினைந்து வயதில், வீட்டில் சொல்லாமல் தலைநகர் டக்காருக்கு ஓடினான். வீட்டார் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் படிக்கிறேன், அதன்பிறகு என்னை விட்டுவிட வேண்டும் என்று பேசிவிட்டுத்தான் திரும்பினான். டக்காரில் கால்பந்து அணித் தேர்வுக்குப் போனபோது காலில் கிழிந்த பூட்ஸ். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், இதைப் போட்டுக்கொண்டா ஆட வந்தாய் என்று கேட்டிருக்கிறார். ஆடிக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிரான்சில் மெட்ஸ், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க், இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன். மெட்ஸில் முதல் சீசனிலேயே அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. நாலே வருஷத்தில் மூன்று நாடு, மூன்று மொழி, மூன்று முதலாளிகள். இதையெல்லாம் ‘பயணம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கி நாங்கள் பெட்டிச் செய்தி போடுவோம்.

படித்தும் நான் திருந்தவில்லை. 2017 ஜனவரியில் காபோனில் ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதி. கேமரூனுக்கு எதிராக, ஆட்டம் சமனானால் மாறிமாறி உதைத்து முடிவுசெய்யும் பெனால்டி ஷூட் அவுட்டில் மானே அடித்தது தடுக்கப்பட்டு செனகல் வெளியேறியது. இணையப் பதிப்புக்கு நான் கொடுத்த தலைப்பு: ‘கோட்டை விட்டார் மானே’. மைதானத்தில் அவர் அழுதுகொண்டிருந்த படம் அதற்கு நேர் கீழே. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

2022 பிப்ரவரி 6. லதா மங்கேஷ்கர் மறைந்த நாள், முதல் பக்கம் முழுக்க அவர்தான். விளையாட்டுப் பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டு இணையத்துக்காக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கேமரூன் தலைநகர் யவுண்டேயில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம், செனகலும் எகிப்தும். நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடக்கம். செனகல் அதுவரை இந்தக் கோப்பையை வென்றதே இல்லை. ஏழாவது நிமிடமே செனகலுக்குப் பெனால்டி. அப்போது லிவர்பூலில் மானேவோடு ஆடிய எகிப்து வீரர் சலா, தன் அணியின் கோல்கீப்பர் கபாஸ்கியிடம் போய் ஏதோ சொன்னார். மானே அடித்தார், கபாஸ்கி தடுத்தார்.

என் கை தானாகவே ‘மீண்டும் கோட்டை விட்டார்’ என்று அடித்து வைத்துக்கொண்டது. செய்தி வேலையில் அப்படித்தான், தலைப்பு முதலில் தயாராகிவிடும், சம்பவம் பின்னால் வரும்.

கூடுதல் நேரமும் கோலில்லாமல் போனது. மூன்று மணிக்கு மேல் ஷூட் அவுட். செனகலின் ஐந்தாவது உதை. இது உள்ளே போனால் கோப்பை. நடுக்கோட்டிலிருந்து மானேதான் நடந்து வந்தார். 2017-இல் தோற்றதும், சற்றுமுன் தோற்றதும் தெரிந்த மனிதர், மறுபடியும் பந்தைக் கையில் வாங்கினார். பம்பாலியில் அவர் பணத்தில் கட்டிய மருத்துவமனை அதற்கு முந்தைய வருஷம்தான் திறந்திருந்தது. எனக்கு ஏனோ அது நினைவுக்கு வந்தது.

அவர் ஓடி வருவதற்குள் பேக்ஸ்பேஸை அழுத்தினேன். ஓர் எழுத்து விடாமல் அழிந்தது. பந்து வலைக்குள் போனபோது என் திரையில் தலைப்பு இடம் வெறுமையாக இருந்தது. ‘செனகல் முதல்முறை சாம்பியன்’ என்று அடித்தேன். கீழே, முதல் வரியில், ‘சாடியோ மானே வேலையை முடித்தார்’.