வலிக்கு முதல் மருந்து வழியிலேயே: ஆம்புலன்ஸ் நாட்குறிப்பு

மார்ச் 3
தொடை எலும்பு முறிந்தவரை அப்படியே ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டு, வண்டி கிளம்பிய பிறகு மருந்துப் பெட்டியைத் திறப்பது தலைகீழ் வரிசை. தூக்கும்போதும் ஸ்பிளிண்ட் (முறிந்த காலை அசையாமல் பிடிக்கும் தாங்கி) கட்டும்போதும்தான் வலி உச்சிக்குப் போகிறது. முதலில் மூச்சும் ரத்தப்போக்கும். அடுத்து, 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வது. பிறகு மருந்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் ஸ்பிளிண்ட். கட்டுவதற்கு முன்னும் பின்னும் பாதத்தில் நாடி, உணர்ச்சி. கட்டிய பிறகு வலி கூடினால், அடுத்த ஊசியை எடுப்பதற்கு முன் கட்டு இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 5
ஃபென்டனில் என்ற வீரியமான வலிமருந்து, நரம்பு ஊசியாக, அதாவது ரத்தக்குழாய் வழியே: கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், ஓரிரு நிமிடம் எடுத்து மெதுவாக. 60 கிலோ உள்ளவருக்கு 60 மைக்ரோகிராம். ரத்தம் இழந்தவருக்கும் முதியவருக்கும் பாதியில் தொடங்கலாம். 5 நிமிடம் கழித்து வலி எண்ணை மறுபடி கேட்காவிட்டால் கொடுத்தது போதுமா என்றே தெரியாது. மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் கண்முன் இருக்கட்டும். ஃபென்டனிலை முறிக்கும் நாலக்சோனும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு (Ambu) பையும் பெட்டிக்குள் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 9
குழந்தைக்கு நரம்பு தேடிக் குத்திக்குத்தி அழவைக்க வேண்டியதில்லை. மூக்கில் ஃபென்டனில், கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். 20 கிலோ குழந்தைக்கு 30 மைக்ரோகிராம். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் உள்ள ஆம்பூலில் (மருந்துக் குப்பியில்) அது 0.6 மில்லி. ஸ்பிரே முனையிலேயே சுமார் 0.1 மில்லி தங்கிவிடும், ஆகவே 0.7 மில்லி இழுக்க வேண்டும். ஒரு நாசிக்குப் பாதி. முனையை அதே பக்கத்துக் காதை நோக்கிச் சற்று மேலாகச் சாய்த்து, பிஸ்டனைச் சட்டென்று அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் மருந்து பனிபோலப் பரவாமல் சொட்டாக ஒழுகித் தொண்டைக்குப் போய்விடும். மூக்கில் ரத்தமோ சளியோ அடைத்திருந்தால் இந்த வழி சரிவராது.

மார்ச் 10
பேசத் தெரியாத குழந்தைக்கு எண் கேட்க முடியாது. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது: இவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மதிப்பெண், கூட்டினால் 10 வரை.

மார்ச் 14
கெட்டமின் என்ற இன்னொரு வலிமருந்தில் பிழை நேர்வது பெரும்பாலும் கணக்கில். ஆம்பூல்கள் மில்லிக்கு 10, 50, 100 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியத்தில் வருகின்றன. லேபிளை இருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 50 உள்ளதில் 1 மில்லி எடுத்து 4 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10. வலிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் போதும்: 60 கிலோவுக்கு 12 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லி. அதை 100 மில்லி சலைனில் கலந்து 10 முதல் 15 நிமிடம் ஓடவிட்டால், பயமுறுத்தும் காட்சிகளும் மிதப்பதுபோன்ற உணர்வும் குறையும். ஒரேயடியாகத் தள்ளினால் நோயாளி மிரண்டுபோவார். ரத்த அழுத்தம் இறங்கியிருப்பவருக்கு இது பெரும்பாலும் நல்ல தேர்வு.

மார்ச் 17
நெஞ்சில் அடிபட்டவருக்கு நைட்ரஸ் ஆக்சைடு (முகர்ந்து வலி தணிக்கும் வாயு) வேண்டாம். நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருந்தால் அந்த வாயு அதற்குள் புகுந்து இன்னும் ஊதிவிடும்.

மார்ச் 20
வயிற்றில் அடிபட்டவருக்கு வலிமருந்து கொடுத்தால் உள்ளே என்ன பாதிப்பு என்பது தெரியாமல் மறைந்துவிடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அளவாகக் கொடுத்தால் அப்படி மறையாது. வலியில் விறைத்துக் கிடக்கும் வயிற்றைவிடத் தணிந்த வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எளிது. மருத்துவமனை வாசலில் நோயாளியை ஒப்படைக்கும்போது மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், வலியின் முதல் எண், கடைசி எண் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். நேரம் விடுபட்டால் உள்ளே இருப்பவர்கள் அடுத்த டோஸைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது மேலுக்கு மேல் ஏற்றிவிடுவார்கள்.