பிரதேச சபை வாங்கும் கணினிக்கு முழுக்கணக்குக் கேட்பது எப்படி

வருடக் கடைசியில்தான் வன்னியின் அரச அலுவலகங்களுக்குக் கணினிகள் வந்து இறங்கும். நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. கட்டுநிதி, அதாவது செலவுக்கென மேலிடம் அனுப்பும் காசு, பிந்தி வந்தால், செலவழிக்காத காசு திரும்பிவிடுமே என்ற பதற்றத்தில் என்ன பொருள் வேண்டும் என்ற விவரக்குறிப்பு எழுதுவதும் கடைகளிடம் கூறுவிலை கேட்பதும் பொருளைப் பாரமெடுப்பதும் சில கிழமைகளுக்குள் நடந்து முடியும். பிழைகளில் பெரும்பங்கு இந்த அவசரத்தில் பிறக்கிறது. எல்லாவற்றையும் களவு என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு மூடிக் கிடக்கும் வரைக்கும் எது களவு, எது அவசரம் என்று வெளியில் நிற்கும் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நேர்மையான உத்தியோகத்தருக்கும் அது கெட்ட பெயரைத்தான் தருகிறது.

மேல்மட்டத்தில் சீர்திருத்தம் நடக்கிறது. அரச கொள்வனவை, அதாவது பெறுகையை, ஒழுங்குபடுத்தும் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. தகவல் முறைமைகளை வாங்குவதும் அவற்றுக்குள் அடங்கும். சர்வதேச நாணய நிதியம் 2023இல் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கை, 100 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிடச் சொன்னது. நல்லதுதான். ஆனால் கரைச்சியிலோ துணுக்காயிலோ ஒரு பிரதேச சபை வாங்கும் கணினிகள் எந்தக் காலத்திலும் 100 கோடியைத் தொடப்போவதில்லை. நம்முடைய காசு செலவாகும் மட்டத்துக்கு அந்த வெளிச்சம் இறங்காது. இங்கே கையில் இருக்கும் கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவு, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கருத்திட்டங்களின் விவரத்தை, தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்கச் சொல்கிறது. கணினி வாங்குவது கருத்திட்டம் ஆகாது என்று அலுவலகம் வாதிடலாம். வாதிடட்டும், அதற்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "கணினிக்கு எவ்வளவு செலவானது" என்று கேட்டால் ஒரே ஒரு மொத்தத் தொகை பதிலாக வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும் செலவு மூலதனத் தலைப்பில் நிற்கும். ஓட்டும் செலவு மீண்டெழும் தலைப்பில், பராமரிப்பு, தொடர்பாடல், மின்சாரம், காகிதாதி என்று சிதறிக் கிடக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கும் கடமை அலுவலகத்தில் எவருக்கும் இல்லை. லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வாங்கப் போகும் கமக்காரர் அதன் பாட்ஸ், அதாவது உதிரிப்பாகம், எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்த பிறகே காசை எடுப்பார். அந்த விசாரணை அலுவலகக் கோப்பில் இருப்பதில்லை.

பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த சிறிய லேசர் பிரிண்டரின் ரோனர் ஏறத்தாழ 1,500 பக்கம் அடிக்கும். நாளுக்கு 100 பக்கம், மாதம் 20 வேலை நாள் என்றால் வருடத்துக்கு 24,000 பக்கம், அதாவது 16 ரோனர். 10,000 பக்கம் அடிக்கும் ரோனர் போடும் பெரிய இயந்திரத்துக்கு அதே வேலைக்கு மூன்று போதும். கூறுவிலையில் வெல்வது முதலாவது. ஐந்து வருடத்தில் எது அதிகம் தின்கிறது என்பதை ரோனர் பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால்தான் காணலாம். மின் வெட்டும்போது கணினியைத் தாங்கும் யூபிஎஸ்ஸும் அப்படியே. உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈய பற்றரி. 25 பாகை வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிரூட்டி இல்லாத அறையில், வன்னி வெயிலில், பெட்டியில் எழுதியிருக்கும் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. மாற்றுப் பற்றரிக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டால், அடுத்த இடிமின்னல் காலத்தில் மின் வெட்டும்போதெல்லாம் கணினி சட்டென்று நிற்கும், பதிவுகள் கெடும்.

வொறண்டியில் "மூன்று வருடம்" என்ற சொல் மட்டும் போதாது. பொருள் இருக்கும் இடத்துக்கு வந்து திருத்துவதா, கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதா, எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பெட்டியை அனுப்பி எடுக்கும் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமலே பழுதான கணினி அலுமாரிக்கு மேல் ஏறிவிடுகிறது.

விவரக்குறிப்பை வரிக்கு வரி வாசியுங்கள். "ஐ5, 8 ஜிபி, 1 டிபி" என்று செயலி, நினைவகம், சேமிப்பிடம் மட்டும் இருந்தால் விற்பவர் தேங்கிய பழைய தலைமுறைச் செயலியைத் தள்ளிவிடலாம். வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்குப் பதில் பழைய சுழல்தட்டு வரலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி இல்லை. ஆகவே தலைமுறை எழுதாமல் வாங்கிய ஒவ்வொரு கணினியும் இன்று கேள்விக்குறிதான். மறுபக்கம், எடையும் நீள அகலமும் மில்லிமீற்றர் கணக்கில் எழுதியிருந்தால், அது ஒரு குறிப்பிட்ட மொடலின் கையேட்டிலிருந்து இறங்கியது என்று கொள்ளலாம்.

மென்பொருளும் இணையத்தளமும் இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம், மூல நிரல் கையளிக்கப்பட்டதா, காப்புப்பிரதி எங்கே என்று நான்கையும் கேளுங்கள். தமிழ் யூனிகோட்டில் பதிந்து தேட முடிகிறதா என்பதும், பொருளை ஏற்குமுன் செய்யும் ஏற்புச் சோதனையில் இருக்க வேண்டும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பெயர்ப் பட்டியலை இன்னொரு முறைமைக்கு மாற்றும்போது யூனிகோட் ஆக்கிச் சரிபார்க்கும் வேலை ஊழியர் தலையில் விழுகிறது. பராமரிப்புக் காசை வெட்டினால் என்னாகும் என்பதற்குக் கொழும்பே சாட்சி: 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் முறைமை கப்பம் கேட்கும் தீநிரலுக்கு இரையாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு அழிந்தது. பழைய பதிப்பைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு நிதித் தட்டுப்பாடு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

விண்ணப்பத்தில் இவற்றைத் தனித்தனி இலக்கமிட்டுக் கேளுங்கள்: அந்த வருடத்துப் பெறுகைத் திட்டம், விவரக்குறிப்பு, வந்த கூறுவிலைகளின் பிரதிகள், விலைமனுத் திறந்த பதிவேட்டின் பிரதி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு அறிக்கை, கட்டளைக் கடிதம், ஏற்புச் சான்று, இருப்புப் பதிவேட்டின் பக்கம், பின்வந்த மூன்று வருடத்துத் திருத்த, ரோனர், பற்றரிச் செலவு. தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நாட்கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை, தவறான கதவைத் தட்டுவது. பிரதேச செயலகம் மத்திய அரசுடையது, பிரதேச சபை உள்ளூராட்சி, வலயக் கல்வி அலுவலகம் மாகாணத்துடையது. பாடசாலைக் கணினியைக் கொழும்பு அமைச்சும் வாங்கியிருக்கலாம், மாகாணமும் வாங்கியிருக்கலாம். சந்தேகம் என்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போடுங்கள்.

பிரதிகள் வந்ததும் எல்லாக் கூறுவிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே தொலைபேசி எண், அடுத்தடுத்த இலக்கங்கள் தென்பட்டால் அவை ஒரே மேசையில் எழுதப்பட்டிருக்கலாம். ஒரே மாதத்தில் ஒரே பொருளுக்கு மூன்று சிறு கட்டளைகள் இருந்தால் பெறுகை விதிகளின் தொகை வரம்புக்குக் கீழே நிற்கப் பிரித்தார்களா என்று கேளுங்கள். விலையை வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது நாணய மாற்றை மறக்காதீர்கள்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஏற்றத்தைத் தெரியாமல் ஒருவரைக் குற்றம் சாட்டுவது அநியாயம்.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5(1)(ஈ), அதாவது வணிக இரகசியம் என்று வரும். விலைமனு திறக்கும்போது வந்திருப்போர் முன் வாசிக்கப்பட்ட விலை எப்படி இரகசியமாகும் என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். பொதுநலன் மேலோங்கினால் விலக்கு நிற்காது என்ற 5(4)ஐயும் சேருங்கள். "கோப்பு இல்லை" என்றால் 7ஆம் பிரிவைக் காட்டுங்கள்: சட்டத்துக்குப் பின் உருவான பதிவேடுகளை 12 வருடம் பேண வேண்டும். அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள்ளும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் இரண்டு மாதத்துக்குள்ளும் போகலாம்.

ஒரு சபையின் விலை தனியாக ஒன்றும் சொல்லாது. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. ஏழு சபைகளுக்கும் ஒரே விண்ணப்பத்தை ஜனவரியில் அனுப்பினால், முந்திய டிசெம்பர் கொள்வனவுகளின் கடதாசி எல்லாம் கோப்பில் சேர்ந்திருக்கும். அலகு விலை, தலைமுறை, வொறண்டி இடம், வருட ரோனர் செலவு என்று நான்கு நிரல் போட்ட ஒரு அட்டவணை செய்து, அதன் பிரதியைச் சபை உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் அடுத்த பாதீட்டு விவாதத்துக்கு முன் கொடுங்கள்.