ஒரே ஒரு சுற்று

படகின் பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிற்றை எதிலும் கட்டக் கூடாது, கையிலேயே இருக்க வேண்டும். பாய் வைத்த கனூவை, அதாவது ஒடுங்கிய சிறு படகை, தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் சொல்லிவிடும் விதி இது. அன்று காலையும் சொன்னேன், இரண்டு தடவை.

4 சதுர மீட்டர் பாய்தான். கனூ பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பக்கப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தோம். நான் பின்னால் துடுப்பைச் சுக்கானாகப் பிடித்திருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர் நடுவில் மண்டியிட்டு, கையில் கயிறு. காற்றோடு போகும்வரை எல்லாம் சொகுசு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் நாம் 7-இல் ஓடினால் முதுகில் படுவது 13தான். அந்தச் சுகத்தில் காற்று ஏறுவதே தெரியாது. கரைக்குத் திரும்பக் காற்றுக்குக் குறுக்கே வந்தபோதுதான் பாய் இழுக்கத் தொடங்கியது.

"சார், கை மரத்துப்போச்சு. கொஞ்ச நேரம் கட்டிக்கட்டுமா?"

"கட்ட வேண்டாம். குறுக்குச் சட்டத்துல ஒரே ஒரு சுத்து சுத்திப் பிடிச்சுக்குங்க."

சுற்று வேறு, முடிச்சு வேறு. ஒரு சுற்று கையின் பாரத்தைக் குறைக்கும், விட்டால் ஓடிவிடும். நானே எத்தனையோ தடவை செய்ததுதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் கயிறு நனைந்திருந்தது. அதன் வால் அவர் முழங்காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. அதை நான் பார்த்தேனா? பார்த்த மாதிரியும் இருக்கிறது, பிறகு மனம் வரைந்துகொண்ட படம் மாதிரியும் இருக்கிறது. காற்று ஒரு தூக்குத் தூக்கியது. "விடுங்க!" என்று கத்தினேன். அவர் விட்டார், கயிறு போகவில்லை. நானாவது அணியத்தை, கனூவின் முன்முனையை, காற்றுக்கு எதிரே திருப்பிப் பாயின் இழுவையைக் குறைத்திருக்கலாம். கத்துவதில் அந்த இரண்டு விநாடி போய்விட்டது, கவிழ்ந்தோம். காற்று இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. அதையும் காலையில் சொன்னவன் நான்தான்.

யாருக்கும் அடி இல்லை. இரண்டு முனையிலும் காற்றுப் பைகள் இருந்ததால் கனூ மூழ்கவில்லை. கவிழ்வது இந்தத் தொழிலில் ஒரு விஷயமே இல்லை.

கரையில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சாரி சார், கயிறைக் கட்டாதீங்கன்னு அவ்வளவு சொன்னீங்க. என்னாலதான்."

"பரவாயில்லைங்க" என்றேன்.

ஒரு சுற்று சுற்றச் சொன்னது நான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றவர்கள் காலை விதியையே விட்டுவிடுவார்கள் என்று அப்போது நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா, இல்லை வீட்டுக்குப் போகும் வழியில் கண்டுபிடித்த காரணமா, தெரியவில்லை. பதிவேட்டில் "திடீர்க் காற்று" என்று எழுதினேன். அது பொய் இல்லை.

இப்போதும் விதியை அதே வார்த்தைகளில்தான் சொல்கிறேன். யாராவது கை வலிக்கிறது என்றால் பாயை இறக்கிவிடுகிறேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.