இரும்பு பட்ட தோல்

2024 ஒக்டோபர் 26, சனி

விடியற்காலை நான்கரை மணிக்குக் கிளிநொச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கொழும்பிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்த தோல் சுருளின் மணம் சட்டையில் ஏறியிருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் 22 சதுர அடி, சதுர அடி 680 ரூபாய். கூடவே முதுகுப் பக்கத்துத் தடித்த தோல் ஒரு துண்டு.

கொழும்பு புறக்கோட்டையில் முதல் ஏறிய கடையில் மரப்பட்டையில் பதனிட்டது என்று சொல்லி ஒன்றைக் காட்டினார்கள். விரலால் தொட்டு ஒரு துளி நீர் விட்டேன். துளி உருண்டு நின்றது. வெட்டிய ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் கோடு. குரோம் உப்பில் பதனிட்ட தோல். பட்டைத் தோலாக இருந்திருந்தால் துளியை உடனே குடித்து அந்த இடம் இருண்டிருக்கும். ஓரமும் உள்வரை மண்ணிறமாக இருந்திருக்கும். குரோம் தோலை நான் குறைசொல்லவில்லை. இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் அப்படித்தான் பதனிடப்படுகிறது. பட்டையில் கிழமைக்கணக்காகும் வேலை குரோமில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அதன் ஓரத்தை நனைத்து முதிரைக் கட்டையால் தேய்த்து மினுக்க முடியாது. எனக்குத் தெரிந்த வேலையில் பாதி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நாலாவது கடையில்தான் கேட்டது கிடைத்தது. திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு என்றார்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் ஓர் அக்கா, தைமாதம் நடக்கவிருக்கும் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக 30 சின்னப் பணப்பைகள் கேட்டிருக்கிறார். இந்த வருடத்தில் எனக்கு வந்த ஆகப்பெரிய ஓடர்.

ஒக்டோபர் 30, புதன்

வெட்டும் நாள். கத்தி வைக்கமுன் தோல் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். முதுகுப் பக்கம் இறுக்கம். வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீளும். பட்டி வெட்டுவதானால் முதுகெலும்பு ஓடிய திசையிலேயே வெட்டவேண்டும். குறுக்கே வெட்டிய பட்டி ஆறு மாதத்தில் ஒரு துளை அதிகம் கேட்கும்.

இந்தத் தோலின் தொடைப் பக்கத்தில் குறிசுட்ட தழும்பு ஒன்று இருந்தது. எந்த ஊர் மாடோ. எங்கள் பக்கத்திலும் பட்டியில் அடைக்கும் மாடுகளுக்குக் குறிசுடுவார்கள். குறியைப் பார்த்தே யாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். என்னோடு வேலை பழகும் பிள்ளை அந்த இடத்தைக் கழித்துவிடப் பார்த்தாள். வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தேன்.

பிற்பகல் அவளுக்குத் தையல் காட்டினேன். ஒரு நூல், இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் நூல் போகவேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கும்; ஓரிடம் அறுந்தால் இழுக்க இழுக்க விட்டுக்கொண்டே போகும். இந்தத் தையலில் ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொண்டு நிற்கும். ஓர் அடி தைக்க நாலடி நூல் வேண்டும். நூலுக்குப் பூசும் தேன்மெழுகு, ஒட்டுசுட்டானில் காட்டுக்குப் போய்த் தேன் எடுக்கும் ஓர் ஐயாவிடம் வாங்கியது.

அப்பா பரந்தன் சந்தியில் செருப்புத் தைத்தவர். "ஒட்டியது ஒருநாள் விடும், பிள்ளை. தைத்ததை அவிழ்த்து இன்னொரு முறை தைக்கலாம்" என்பார். நான் இன்றைக்கும் பசையைத் துண்டு நழுவாமல் பிடித்து வைக்க மட்டும்தான் பாவிக்கிறேன்.

நவம்பர் 9, சனி

விசுவமடுவிலிருந்து ஓர் அண்ணை வந்திருந்தார். 2010இல் ஊர் திரும்பிக் காணி துப்புரவாக்கும்போது மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலின் பட்டி அறுந்துவிட்டது. முழங்காற்சில்லுக்குச் சற்று மேலே சுற்றிக் கட்டும் பட்டி அது. அதன் இரண்டு வால்களும் காலின் கிண்ணத்துக்கு இரு பக்கமும் பொருத்தப்பட்டிருக்கும். அது விட்டால் நடக்க நடக்கக் கால் கழன்று இறங்கும். யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் வேண்டும். வயலில் களை முட்டி நிற்கிறது என்றார். நைலோன் பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தோல் உரிந்து தொடை சிவந்துபோயிருந்தது.

பழைய பட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அறுந்தது தோலின் நடுவில் இல்லை, தறையாணி இருந்த இடத்தில். யாரோ ஒருமுறை பழுதுபார்த்தபோது இரும்புத் தறையாணி அடித்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் கறுத்து, நகத்தால் கிள்ளினால் எரிந்த கடதாசி போல உதிர்ந்தது. பட்டையில் பதனிட்ட தோலுக்குள் துவர்ப்பு இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அந்தத் துவர்ப்பு கறுப்பாகிவிடும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத்து மை செய்ததும் இதே வழியில்தான். கடதாசியில் அது எழுத்து. வேர்வை ஊறும் பட்டியில் துருவும் சேர்ந்து தோலையே தின்றுவிடுகிறது.

வெளியே தடித்த முதுகுத் தோல், தோலோடு படும் பக்கத்தில் மெல்லிய ஆட்டுத்தோல், பித்தளைத் தறையாணி என்று முடிவு செய்தோம். அளவெடுக்கும்போது நிற்கவும் இருக்கவும் நாலைந்து தரம் எழுந்து நடக்கவும் சொன்னேன். காலில் நான் கைவைக்கமாட்டேன், பட்டி மட்டும்தான் என் வேலை, அறுவடை முடிந்ததும் கால் செய்கிறவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள் அண்ணை என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் போய் வாக்களித்தோம். பிறகு அண்ணையின் பட்டியைத் தைத்து முடித்தேன். நாளை வந்து எடுப்பார்.

நவம்பர் 18, திங்கள்

நகரத்துக் கடைக்காரர் ஒருவர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, மாதம் பத்து எடுக்கிறேன், ஒன்று 6,000 ரூபாய், காசு இரண்டு மாதம் கழித்து என்றார். ரெக்சின் பையை 1,800க்கு விற்கிறாராம்.

வீட்டுக்கு வந்து கணக்கை மீண்டும் எழுதினேன். தோல் நாலு சதுர அடி 2,720. நூல், கொளுக்கி, உள்துணி 900. பதினொரு மணித்தியால வேலை, மணிக்கு 250 வீதம் 2,750. மின்சாரம், கழிவு, தேய்மானம் 800. மொத்தம் 7,170. நான் 9,500க்கு விற்கிறேன். அந்த மீதியிலிருந்துதான் அடுத்த தோல் வரவேண்டும், மழைக்காலத்து வருமானம் குறைந்த மாதங்களும் ஓடவேண்டும்.

முதல் மூன்று வருடம் அந்த 2,750 என் கொப்பியில் இருக்கவேயில்லை. என்னைப்போலக் கைவேலை செய்யும் பெண்கள் பலர், பொருளின் விலையை எழுதி அதற்குமேல் கொஞ்சம் வைத்து விற்றுவிடுகிறார்கள். பன்புல்லில் பின்னுகிறவர்களிடமும் பனையோலைப் பெட்டி இழைக்கிறவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே என்று ஊர் சொல்கிறது, நாங்களும் நம்பிவிடுகிறோம். இது என்னை மிகவும் வருத்துகிற விடயம். கடைக்காரருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பழைய பைகளைப் பழுதுபார்க்க அனுப்பினால் செய்து தருகிறேன் என்றேன். பார்ப்போம்.

நவம்பர் 26, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. முற்றம் குளமாகிவிட்டது. மகளுக்கு நேற்றுத்தான் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. காலையில் முழங்கால் வெள்ளத்தில் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கொட்டிலைத் திறந்தால், வெட்டி அடுக்கிய வெளித்துண்டுகளின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மீளக்குடியேறிய காலத்தில் போட்ட தகரம். ஆணித்துளைகள் துருவேறி அகன்றுவிட்டன. துருத் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் கரும்புள்ளி. முப்பதில் 19 துண்டுகள்.

துடைத்துப் பார்த்தேன். போகாது என்று தெரிந்துகொண்டேதான் துடைத்தேன்.

நவம்பர் 27, புதன்

பரீட்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று மாவீரர் நாள். மாலையில் மழைக்குள் என் அண்ணாவுக்கு விளக்கேற்றினோம். வேலை செய்யவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஸ்காபரோ அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். புள்ளி விழுந்தவற்றை முழுவதுமாகக் கறுப்பாக்கலாம், அழகாக வரும் என்றேன். "சடங்குக்குக் கறுப்பா? மாமி வீட்டுக்குள்ளேயே எடுக்கமாட்டா" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, நான்தான் யோசித்திருக்கவேண்டும்.

இரவு தூக்கம் வரவில்லை. பதினொரு மணிபோல எழுந்து கணக்குப் பார்த்தேன். உள்மடிப்புகள் இன்னும் வெட்டப்படவில்லை. உள்மடிப்பு வெளித்துண்டில் பாதி அளவுதான். புள்ளி விழுந்த 19ஐயும் இரண்டாக வெட்டினால் 38. உள்மடிப்புக்கென்று வைத்திருந்த நல்ல தோலில் 19 வெளித்துண்டுகள் வரும், குறிசுட்ட இடத்தையும் சேர்த்தால். வெளியே மண்ணிறம், உள்ளே கறுப்பு. காலையில் மீண்டும் அழைத்தேன். மாமியிடம் மறைக்கவேண்டாம், கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். வெளியே மங்கலமாக இருந்தால் போதும் என்றாராம் மாமி.

கறுப்பாக்குவதற்கும் அதே துருதான். பழைய ஆணிகளை வினாகிரியில் போட்டு மூன்று கிழமையாக ஒரு போத்தலில் வைத்திருந்தேன். மூடியை இறுக்கக்கூடாது, உள்ளே வாயு உண்டாகும். முதலில் கடும் தேயிலைச் சாயத்தைத் தோலில் பூசினால் துவர்ப்புக் கூடி, கறுப்பு ஆழமாக இறங்கும். அதன்மேல் வடித்த வினாகிரியைத் தடவிய ஒரு நிமிடத்தில் மண்ணிறம் சாம்பலாகி, நீலமாகி, கறுத்துவிடுகிறது. பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் அலசிப் புளிப்பை எடுத்துவிடவேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் தோல் நாளடைவில் வெடிக்கும். நிழலில் காயவிட்டு, இலுப்பெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிப் பூசினேன். ஒரு சொட்டுப் புள்ளிகூடத் தெரியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பிள்ளை நாலு நாளாக வரவில்லை. பூஞ்சணம் பிடித்த தோல்களை நான் ஒருத்தியாக வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, தண்ணீர் கலந்த வினாகிரியால் ஒற்றிக் காற்றாட வைத்துவிட்டு, பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன்.

பெண் பார்க்க வந்தவர்கள், என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். தோல் வேலை என்று அவள் சொன்னதும் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்களாம். "வேறு தையல் ஏதாவது பழக்குங்கள் அக்கா" என்று அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

போர் முடிந்த 2009இல் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எல்லோருடைய செருப்பும் அறுந்தது. அப்பாவிடம் மிஞ்சியிருந்தது ஒரு குத்தூசி மட்டும். நைலோன் கயிற்றைப் பிரித்து நூலாக்கித் தைத்துக் கொடுத்தார். காலையிலிருந்து இருட்டும்வரை கூடாரத்தின் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். வாத்தியார்கள், கோயில் தர்மகர்த்தாக்கள், காணிக்காரர்கள். "அண்ணை, எனக்கும் ஒருக்கால் பார்த்துத் தாருங்கள்" என்பார்கள். அப்பாவை அண்ணை என்று ஊரார் கூப்பிட்டு நான் கேட்டது அந்த மாதங்களில்தான். ஊர் திரும்பியதும் பழையபடி தொழிலைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் அதைப்பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் பேசுவேன். தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து தோல் தைக்கிறவள் வீட்டில் தேநீர் குடிக்காமல் எழுந்து போகிறவர்களைப்பற்றி, கேட்கிற எல்லோரிடமும் பேசுவேன்.

பிள்ளையிடம் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இதுவரைக்குமான சம்பளத்தையும் அவள் தைத்த முதல் பணப்பையையும் கொடுத்துவிட்டு வந்தேன். குறிசுட்ட தழும்பு வெளியே தெரிகிற பை அது. அந்த ஒன்றை நான் ஓடரில் சேர்க்கவில்லை. பதிலுக்கு இன்னொன்று வெட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

முப்பதும் போய்விட்டன. ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, பருத்தித்துணியில் கட்டினேன். பொலித்தீனில் அடைத்தால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கடைசி ஒன்பதைப் பிள்ளைதான் தைத்தாள். வியாழக்கிழமை காலை எதுவும் பேசாமல் வந்து, கொட்டாப்புளியை எடுத்துத் துளையடிக்கத் தொடங்கியிருந்தாள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

விசுவமடு அண்ணை வந்தார். இரண்டு மாதம் வயலில் நின்ற பட்டி. தையல் அப்படியே இருக்கிறது, தொடையில் புண் இல்லை. ஆனால் பித்தளைத் தறையாணியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. வேர்வையும் தோலில் ஊறிய எண்ணெயும் பித்தளையோடு சேர்ந்து செய்கிற வேலை. துணியால் துடைத்தால் போகிறது, தோலும் உதிரவில்லை. என்றாலும் எனக்குத் திருப்தியில்லை.

"ஒன்றைக் கழுவிக் காயவிட்டால் மற்றதைக் கட்டலாம். இன்னொன்று தைத்துத் தாருங்கள், பிள்ளை" என்றார். ஓர் உரப்பையில் கொஞ்சம் கச்சான் கொண்டுவந்திருந்தார். பட்டிக்கு நான் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. முழுக்காசையும் எண்ணி வைத்தார்.

அடுத்த பட்டியில் தறையாணியே இல்லாமல் செய்யலாம் என்று தோன்றுகிறது. கொளுக்கியின் வளையம் தவிர உலோகமே வேண்டாம். வாலை மடித்து மூன்று வரிசைத் தையல். மடிப்பில் தடிப்புக் கூடாமலிருக்க ஓரத்தைப் பாதிக்கு மேல் சீவவேண்டும். காற்சட்டையை மேலே சுருட்டி அண்ணை நடந்து காட்டும்போது பிள்ளை முழந்தாளிட்டிருந்து கயிற்றால் அளவெடுத்தாள். நாளை காலை அவள் வந்ததும் வெட்டவேண்டும்.