கொழுப்பைக் கண்டு பயப்படும் ஆண்களுக்கு

என்னோடு உடற்பயிற்சி செய்யும் தம்பி ஒருவன் எடை குறைக்கிறேன் என்று எண்ணெய், முட்டை மஞ்சள் கரு, கொட்டை வகைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். எனக்கு அது கவலையாகவே இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்ட்ராலிலிருந்துதான் உருவாகிறது. அந்தக் கொலஸ்ட்ராலை உடம்பே தயாரித்துக்கொள்ளும், சரி. ஆனாலும் கொழுப்பை மிகவும் குறைத்த ஆண்களிடம் இந்த ஹார்மோன் ஓரளவு இறங்கியதை ஆய்வுகள் காட்டுகின்றன.

அரைப்பட்டினி இன்னும் மோசம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் குறைந்த உணவில் வைத்தார்கள். எடையில் கால்வாசி போனது. பாலுணர்வும் ஏறக்குறைய அற்றுப்போனது. சக்தி போதாதபோது, டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி விரைகளுக்குப் போகும் சமிக்ஞையை மூளை குறைத்துவிடுகிறது.

துத்தநாகம் (ஜிங்க்) விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இளைஞர்களுக்கு அதைச் சுமார் 20 வாரம் குறைத்துக் கொடுத்த ஓர் ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் கால் பங்காகச் சரிந்தது. உண்மைதான். அதற்காக, குறைபாடே இல்லாதவர் மாத்திரை விழுங்கினால் ஹார்மோன் ஏறிவிடாது. தினம் 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் உடம்பில் தாமிரம் குறையத் தொடங்கும்.

சோயா ஆண் ஹார்மோனைக் குறைக்கும் என்ற பயமும் வேண்டாம். வழக்கமான அளவில் அது ஆண்களின் ஹார்மோனை மாற்றுவதில்லை. தொப்பைதான் மாற்றுகிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக்குகிறது.

அப்புறம், டெஸ்டோஸ்டிரோனுக்கான ரத்தப் பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுங்கள். சர்க்கரை உள்ளே போன சில மணி நேரத்துக்கு அளவு தற்காலிகமாகக் குறையும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.