மனநல மருத்துவரை எங்கே தேடுவது?

பன்னிரண்டாம் வகுப்பில் என் அக்கா மகன் தூக்கமின்றித் தவித்தபோது, மருத்துவமனைக்குப் போகலாம் என்றதுமே 'கீழ்ப்பாக்கத்துக்கா?' என்று பெரியம்மா பதறினார். 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைச் சொல்லி இன்றும் கேலி பேசுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

உண்மையில் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் காத்திருக்கப் பொறுமை இருந்தால், ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். அங்கிருந்த மருத்துவர் முதலில் அவனை மட்டும் உள்ளே அழைத்து நெடுநேரம் பேசிய பிறகே அக்காவைக் கூப்பிட்டார்.

நேரில் போகத் தயங்குவோர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோரோ காப்பாளரோ பிரதிநிதியாக இருப்பர். வயது வந்தவர்கள், முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை, தங்கள் சிகிச்சையைத் தாங்களே தீர்மானிக்கலாம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது, முகவர் தானாக வந்து சொல்லமாட்டார்.